முதல் கத்திக்கு எந்த எஃகு? உலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

என் முதல் கத்தியைச் செய்து முடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரும்புக் கடையில் "ஸ்பிரிங் ஸ்டீல்தான் சார், நம்பி எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிக் கொடுத்த 3 மி.மீ. பட்டையை வெட்டி, ராவி, அம்மா காய் நறுக்குவதற்கு ஏற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தேன். ஆறியதும் அரத்தை வைத்துத் தேய்த்துப் பார்த்தால், வழுக்கிப் போக வேண்டிய அரம் இரும்பை அள்ளிக்கொண்டு போகிறது. மறுபடி காய்ச்சினேன், மறுபடி தோய்த்தேன். அதே கதைதான். கடினமாவதற்கு வேண்டிய கார்பன் அந்தப் பட்டையில் இல்லவே இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

கத்தி செய்யப் பழகுகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது "எந்த ஸ்டீல் நல்ல ஸ்டீல்?" என்ற கேள்வியைத்தான். நானும் அப்படித்தான் கேட்டேன். இப்போது யாராவது என்னிடம் கேட்டால், "உங்ககிட்ட என்ன உலை இருக்கு?" என்று திருப்பிக் கேட்கிறேன். எவ்வளவு உயர்ந்த எஃகானாலும், அதற்கு வேண்டிய சூட்டைச் சரியாகக் கொடுக்க முடியாவிட்டால், அது சாதாரண லாரி ஸ்பிரிங் பட்டையைவிட மோசமான கத்தியாகத்தான் வரும். லாரிப் பட்டையைச் சரியாகப் பதம் செய்தாலோ, இருபது வருடம் உழைக்கும் கத்தி கிடைக்கும். கீழே உள்ளதை இந்த ஒரு எண்ணத்தை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

இரும்போடு கார்பன் சேர்ந்தால் எஃகு. அந்தக் கார்பன் எவ்வளவு என்பதில்தான் கத்தியின் பாதிக் கதை இருக்கிறது. கேட்டுக்கும் கிரில்லுக்கும் போடும் சாதாரண இரும்பில் (கடையில் எம்.எஸ். என்பார்கள்) கார்பன் 0.23 சதவீதத்துக்குள் அடங்கிவிடும். கட்டடக் கம்பியிலும் 0.3 சதவீதத்தைத் தாண்டாது. இவற்றை எப்படித் தோய்த்தாலும் கத்திக்கு வேண்டிய கடினம் வராது. 0.5 சதவீதத்துக்கு மேல் போனால் கத்தி என்று பேச ஆரம்பிக்கலாம். 0.6 முதல் 1 சதவீதம் வரை உள்ளதுதான் புதிதாகப் பழகுகிறவருக்குத் தோதான இடம்.

எஃகைக் குறிப்பிட்ட சூட்டுக்கு ஏற்றும்போது கார்பன் இரும்புக்குள் கரைகிறது. அந்த நிலையில் எண்ணெயில் சட்டென்று குளிர்வித்தால், கார்பன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. அப்போது எஃகு கண்ணாடி போலக் கடினமாகிறது, கண்ணாடி போலவே உடையவும் செய்கிறது. நம் கொல்லர்கள் இதைத்தான் தோய்ச்சல் என்கிறார்கள், ஒர்க்‌ஷாப்பில் ஹார்டனிங். அதன்பின் 200 டிகிரி அளவில் மிதமாகச் சுட்டு, கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து, உடையாத தன்மையை வாங்கிக்கொள்வது டெம்பரிங். எந்த எஃகை எடுத்தாலும் இந்த இரண்டும் உண்டு. ஆனால் ஒவ்வொரு எஃகும் கேட்கும் சூடு வேறு, அந்தச் சூட்டில் நிற்க வேண்டிய நேரமும் வேறு.

குரோமியம் என்று ஒன்று உண்டு. எஃகுக்குள் கரைந்த நிலையில் ஏறக்குறைய 11 சதவீதத்துக்கு மேல் இருந்தால் துரு எளிதில் பிடிக்காது. அதுதான் ஸ்டெயின்லெஸ். மாலிப்டினம், வனேடியம், டங்ஸ்டன் எல்லாம் இருக்கின்றன. முதல் ஐந்து கத்திகள் முடியும்வரை அவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை.

முதல் படி: கத்திக்கு என்ன வேலை என்று தீர்மானியுங்கள்

காய் நறுக்கும் கத்தியா, கறி வெட்டவா, தேங்காய் மட்டை உரிக்கவா? காய்க் கத்தி மெலிதாக, கடினமாக இருக்கலாம்; அது எதன்மீதும் மோதப் போவதில்லை. கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவுகோலில் 59 முதல் 61 வரை வைக்கலாம். எலும்பில் படும் கத்தியும் அரிவாளும் அடி தாங்க வேண்டும். அவற்றுக்கு 54 முதல் 57 போதும். அதற்கு மேல் போனால் வாய் (கத்தியின் கூர் விளிம்பு) சிதறும்.

அடுத்து, வீட்டில் யார் புழங்கப் போகிறார்கள் என்று பாருங்கள். நம் பாட்டிமார்களின் அரிவாள்மனையில் இருந்தது துருப்பிடிக்கும் இரும்புதான். வேலை முடிந்ததும் கழுவித் துடைத்துச் சாய்த்து வைப்பார்கள், அதனால் அது நாற்பது வருடம் இருந்தது. அந்தப் பழக்கம் வீட்டில் இருந்தால் கார்பன் எஃகுக் கத்தி தாராளமாகப் போதும். எலுமிச்சையும் மாங்காயும் புளியும் பட்டு அலகு கருத்துப்போகும். அந்தக் கருமை கெடுதல் இல்லை. நாளடைவில் அதுவே துருவைக் கொஞ்சம் தடுக்கும். ஆனால் முதல் சில நாட்கள் வாழைக்காய் நறுக்கினால் காயும் கருக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கொடுங்கள். தொட்டியில் மற்ற பாத்திரங்களோடு கத்தியும் இரவு முழுக்க ஊறும் வீடு என்றால் ஸ்டெயின்லெஸ் பக்கம்தான் போக வேண்டும். அதன் சிரமத்தைப் பிறகு சொல்கிறேன்.

இன்னொன்று. இந்தியாவில் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் அறிவியல், தொழிற்சாலைத் தேவைகளுக்கும் அல்லாத, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுத விதிகளின் பட்டியலில் வருகின்றன. பழகும் காலத்தில் வாள், குத்துவாள் பக்கம் போகாமல் சமையலறைக் கத்தியில் நின்றால் இந்தத் தலைவலி இல்லை.

இரண்டாம் படி: உங்கள் நெருப்பை அளந்து கொள்ளுங்கள்

பெரும்பாலோர் இதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள். நானும் குதித்தேன்.

உங்களிடம் இருப்பது ஒரு கேஸ் டார்ச்சும் நாலு வெப்பக்கல்லும் என்றால், அல்லது கரி போட்டு ஊதும் சின்ன உலை என்றால், சூட்டை டிகிரிக் கணக்கில் பிடித்து நிறுத்த முடியாது. "இதோ வந்துவிட்டது, எடு, தோய்" என்பதுதான் அங்கே வேலை. அதற்குப் பொருந்துவது, சூடு வந்தவுடன் கார்பன் கரைந்துவிடும் எளிய எஃகு: 1075, 1084, 80சிஆர்வி2 என்ற எண்களில் விற்கும் வகைகள் போன்றவை. 1084-இல் கார்பன் 0.80 முதல் 0.93 சதவீதம், மாங்கனீஸ் கொஞ்சம், அவ்வளவுதான். 815 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டுவந்து, எல்லாப் பக்கமும் ஒரே நிறம் வந்ததும் எண்ணெயில் விட்டால் வேலை முடிந்தது.

815 டிகிரியை எப்படிக் கண்டுபிடிப்பது? காந்தம். ஏறக்குறைய 770 டிகிரியில் இரும்பு காந்தத்தில் ஒட்டுவதை நிறுத்திவிடும். ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பியில் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடுங்கள். ஒட்டாத நிலை வந்ததும் நிறத்தில் இன்னும் ஒரு சாயல் ஏறட்டும். அந்த ஒரு சாயல்தான் பாக்கி 45 டிகிரி. சமையல் உப்பும் உதவும். அது 801 டிகிரியில் உருகும். ஒரு வேண்டாத எஃகுத் துண்டில் நாலு கல் உப்பை வைத்து உலைக்குள் கத்தியின் பக்கத்தில் வையுங்கள். உப்பு உருகி ஓடும்போது தெரியும் நிறத்தைக் கண்ணில் பதித்துக்கொள்ளுங்கள். கத்தியின் மேலேயே உப்பைப் போடாதீர்கள், அரித்துவிடும். நிறம் பார்க்கும் வேலையை மதிய வெயிலில் செய்யவும் கூடாது. வெயிலில் மங்கலாகத் தெரியும் சிவப்பு, நிழலில் பார்த்தால் ஆரஞ்சாக இருக்கும். நான் எப்போதும் விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பிறகுதான் தோய்ச்சல் வைத்துக்கொள்கிறேன்.

சூட்டைத் தானே பிடித்து நிறுத்தும் மின் உலை உங்களிடம் இருந்தால் கதவு இன்னும் அகலமாகத் திறக்கும். ஈ.என்.31, ஓ.எச்.என்.எஸ். என்ற இரண்டு எஃகுகளையும் எடுக்கலாம், அவற்றைப் பற்றி அடுத்த படியில் சொல்கிறேன். இவை குறிப்பிட்ட சூட்டில் பத்து நிமிடத்துக்குக் குறையாமல் நிற்க வேண்டியவை. உலையே இல்லை, அரமும் கிரைண்டரும்தான் என்றாலும் வழி இருக்கிறது. கத்தியை வடிவமாக்கிவிட்டு ஹார்டனிங் செய்துதரும் இடத்தில் கொடுத்துவிடலாம்.

மூன்றாம் படி: பெயர் தெரிந்த எஃகை வாங்குங்கள்

முதல் கத்திக்குப் பழைய இரும்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கத்தி தவறாக வந்தால் தவறு உங்கள் கையிலா பொருளிலா என்று தெரிய வேண்டும். பெயர் தெரியாத இரும்பில் அது தெரியாது. என் நான்கு ஞாயிறுகள் போனது அதனால்தான்.

நம் ஊர் டூல் ஸ்டீல் கடைகளில் 1084 என்று கேட்டால் பெரும்பாலும் விழிப்பார்கள். அச்சு, டை, பேரிங் செய்கிறவர்களுக்கு விற்கும் கடைகள் அவை. ஸ்பிரிங் செய்கிறவர்களுக்குப் பட்டை விற்கும் கடையில் சி75, சி80, ஈ.என்.42 என்று கேட்டுப் பாருங்கள். இவற்றின் கார்பன் 0.7 முதல் 0.85-க்குள் வரும், 1075, 1084-க்கு நெருங்கிய சொந்தம். டார்ச் வைத்திருப்பவருக்கு இதுவே முதல் தேர்வு. 2 மி.மீ., 2.5 மி.மீ. பட்டையாக வாங்கினால் காய்க் கத்திக்கு அடித்து மெலிதாக்கும் வேலையே இல்லை. ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: பட்டை அனீல் செய்ததா (சூடேற்றி மெல்ல ஆறவிட்டு மென்மையாக்கியதா), ஏற்கெனவே தோய்த்து டெம்பர் ஏற்றியதா? டெம்பர் ஏற்றிய பட்டையில் ட்ரில் பிட் எரிந்துபோகும்.

ஈ.என்.31 எங்கும் கிடைக்கும். வெளிநாட்டில் 52100 என்பதும் ஏறக்குறைய இதுதான்: கார்பன் 1 சதவீதம், குரோமியம் ஒன்றரை. பேரிங் செய்யப் பிறந்த எஃகு. மிக நுண்ணிய வாய் பிடிக்கும், நீண்ட நாள் மழுங்காது. ஆனால் சூடு கூடினால் பொறுக்காது. அதிகச் சூட்டில் அளவுக்கு மீறிக் கார்பன் கரைந்து, தோய்த்த பிறகு ஒருபுறம் மென்மையும் மறுபுறம் நொறுங்கும் தன்மையும் கலந்து வரும். கண்ணால் நிறம் பார்த்து இதைச் சாதிக்கிற கொல்லர்கள் உண்டு. அது பல வருடப் பயிற்சி. உங்கள் மூன்றாவது நான்காவது கத்திக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஓ.எச்.என்.எஸ். என்பது மற்ற நாடுகளில் ஓ1 எனப்படும் எண்ணெய்த் தோய்ச்சல் எஃகு. கார்பன் 0.9 அளவு, மாங்கனீஸ், கொஞ்சம் குரோமியம், கொஞ்சம் டங்ஸ்டன். கிரைண்ட் செய்து அளவு துல்லியமாக முடித்த பட்டையாகவே கிடைப்பது இதன் பெரிய வசதி. தோய்க்கும்போது வளைவதும் குறைவு. மின் உலை இருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

எச்.சி.எச்.சி.ஆர். என்று கடைக்காரர் ஒன்றைக் காட்டுவார், "இதுதான் சார் இருக்கிறதிலேயே ஸ்ட்ராங்" என்பார். அது பெரும்பாலும் டி2. கார்பன் ஒன்றரை, குரோமியம் 12 சதவீதம். 1,010 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் காற்றுப் படாமல். டார்ச்சில் நடக்காது. இவ்வளவு குரோமியம் இருந்தும் அது முழு ஸ்டெயின்லெஸ் இல்லை. குரோமியத்தில் பெரும்பகுதி கார்பனோடு சேர்ந்து கார்பைடாகக் கட்டுப்பட்டுக் கிடப்பதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவு. இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

எதை வாங்கினாலும், முடிந்தால், எஃகில் என்னென்ன எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் டெஸ்ட் சர்டிபிகேட்டின் நகல் கேளுங்கள். கொடுக்கிற கடையில் மறுபடியும் வாங்குங்கள்.

நான்காம் படி: பழைய இரும்புக்கு வரலாம், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு

பெயர் தெரிந்த எஃகில் இரண்டு மூன்று கத்தி முடித்து, உங்கள் தோய்ச்சல் மேல் உங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. சரி, இப்போது சென்னை புதுப்பேட்டையிலோ உங்கள் ஊர்ப் பழைய இரும்புக் கடையிலோ நுழையலாம்.

லாரி ஸ்பிரிங் பட்டைதான் ராஜா. நம் ஊர் அரிவாள்களில் கணிசமானவை இதிலிருந்து வருகின்றன. பட்டையில் பொதுவாக இரண்டு குடும்பம். ஒன்று குரோமியம் கலந்தது, எஸ்.யூ.பி.9 என்றும் 5160 என்றும் சொல்வது, கார்பன் 0.52 முதல் 0.64-க்குள். மற்றொன்று சிலிக்கான் கலந்தது, ஈ.என்.45, கார்பன் ஏறக்குறைய அதே அளவு, சிலிக்கான் ஒன்றரை முதல் 2 சதவீதம். இரண்டும் எண்ணெயில் தோயும், இரண்டும் அடி தாங்கும். மெல்லிய காய்க் கத்தியைவிடக் கறிக் கத்திக்கும் அரிவாளுக்கும் பொருத்தமானவை.

பட்டையில் ஒளிந்திருக்கும் எதிரி வெடிப்பு. லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிர்ந்த இரும்பு அது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் உள்ளே இருக்கும். தோய்க்கும் நொடியில் "டிங்" என்று ஒரு சத்தம், கத்தி போயிற்று. நான் ஒரு பட்டையை எடுத்துக்கொண்டு எங்கள் பக்கத்துக் கொல்லுப்பட்டறைக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெரியவர் பட்டையின் ஒரு முனையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் தட்டினார். கோயில் மணி போல நீளமாக ஒலிக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். சத்தம் சட்டென்று செத்துப்போனது.

"தம்பி, உள்ளே வாய் விட்டிருக்கு. இதுல கத்தி பண்ணாத."

"எங்கே ஐயா? ஒண்ணும் தெரியலையே?"

அவர் பட்டையை மண்ணெண்ணெயில் முக்கித் துடைத்து, மேலே சுண்ணாம்பைப் பூசிக் காயவிட்டார். கால் மணி நேரம் கழித்து, நட்டுக்கு ஓட்டை போட்ட இடத்திலிருந்து ஒரு மெல்லிய ஈரக் கோடு சுண்ணாம்பு வழியே எழும்பி வந்தது, தலைமுடி கனத்தில். கீறலுக்குள் புகுந்திருந்த மண்ணெண்ணெய் வெளியே கசிகிறது. தொழிற்சாலைகளில் சிவப்புச் சாயம் போட்டுச் செய்யும் அதே சோதனை. அன்றிலிருந்து இதைச் செய்யாமல் நான் எந்தப் பட்டையையும் வெட்டுவதில்லை. முடிந்தால் கொஞ்சமே ஓடிய பட்டை, அல்லது பட்டை கட்டும் கடையில் மிஞ்சிய புதுத் துண்டு வாங்குங்கள். நட்டு ஓட்டையைச் சுற்றி மூன்று விரல் அகலத்தை வெட்டி எறிந்துவிடுங்கள்.

பழைய அரமும் நல்ல பொருள்தான். கார்பன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆனால் மலிவான அரங்களில் சில வெளித்தோலில் மட்டும் கடினமாக்கப்பட்டவை, உள்ளே சாதாரண இரும்பு. அரத்தின் முனையை உடைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அரத்தில் கத்தி செய்தால் பற்களின் தடத்தை முழுதாகச் சாணையில் எடுத்துவிடுங்கள். அழகுக்காக விட்டுவைத்த ஒவ்வொரு தடமும் கத்தி முறிய ஒரு தொடக்க இடம்.

ரயில் தண்டவாளக் கிளிப் நல்ல ஸ்பிரிங் எஃகுதான். ஆனால் ரயில்வே பொருளைக் கணக்கில்லாமல் கையில் வைத்திருப்பதே 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பழைய இரும்புக் கடைக்காரர் கொடுத்தார் என்று சொன்னாலும் எடுபடாது. தொடவே வேண்டாம்.

துத்தநாகமோ குரோமோ முலாம் பூசிய எதையும் உலையில் போடாதீர்கள். துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும், குரோம் புகை அதைவிடக் கெட்டது.

ஐந்தாம் படி: கத்திக்கு முன் ஒரு துண்டு

எந்த எஃகாக இருந்தாலும், அதிலிருந்து முதலில் கத்தி செய்யாதீர்கள். ஒன்றரை செ.மீ. அகலம், பத்து செ.மீ. நீளத்தில் மூன்று துண்டுகள் வெட்டுங்கள். நடுவில் ஹாக்சாவால் லேசாக ஒரு வெட்டுத் தடம் போடுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும், இது கற்றுத் தருவதை எந்தப் பட்டியலும் கற்றுத் தராது.

எண்ணெய்க்கு எங்கும் அலைய வேண்டாம். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் எதுவானாலும் சரி. நான்கு ஐந்து லிட்டர், மூடி உள்ள ஆழமான தகரப் பாத்திரத்தில். கை பொறுக்கும் சூட்டைவிடக் கொஞ்சம் மேலே, 50 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிக்கொள்ளுங்கள்; சூடான எண்ணெய் இளகி ஓடுவதால் எஃகை வேகமாகக் குளிர்விக்கும். வண்டியில் வடித்த கழிவு எண்ணெயைப் பயன்படுத்தாதீர்கள், அந்தப் புகை நுரையீரலுக்கு நல்லதல்ல. தீ மேலே எழும்பினால் மூடியைப் போட்டு மூடுங்கள், தண்ணீர் ஊற்றவே கூடாது.

முதல் துண்டை, காந்தம் விட்ட உடனே எடுத்துத் தோயுங்கள். இரண்டாவதைக் காந்தம் விட்டபின் ஒரு சாயல் ஏற்றித் தோயுங்கள். மூன்றாவதை வேண்டுமென்றே மஞ்சள் நிறம் வரும்வரை ஏற்றி, ஒரு நிமிடம் வைத்திருந்து தோயுங்கள். மூன்றையும் ஆறவிட்டு அரத்தால் தேய்த்துப் பாருங்கள். சரியாகக் கடினமான எஃகில் அரம் கண்ணாடிமேல் போவதுபோல் வழுக்கும், கீச்சென்று சத்தம் வரும். அரம் கடித்தால் உடனே மனம் உடைய வேண்டாம். காய்ச்சும்போது மேல்தோலில் உள்ள கார்பன் எரிந்துபோய் ஒரு மெல்லிய மென்மையான படலம் உண்டாகிறது. கால் மி.மீ. சாணையில் எடுத்துவிட்டு மறுபடி அரம் போடுங்கள். அப்போதும் கடித்தால்தான் குறை.

இப்போது கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, துண்டைத் துணியில் சுற்றி வைஸில் பிடித்து, தடம் போட்ட இடத்தில் சுத்தியலால் ஒரு போடு. வளைந்தால் அது கத்தி எஃகு இல்லை, அல்லது சூடு போதவில்லை. படக்கென்று உடைந்தால் உடைந்த முகத்தைச் சாய்வு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சரியான சூட்டில் தோய்ந்த துண்டு மங்கிய சாம்பல் நிறத்தில், சலித்த விபூதி போல நைசாக இருக்கும். அதிகச் சூடு கண்ட மூன்றாவது துண்டோ சீனி கொட்டியதுபோல் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒவ்வொரு மினுக்கும் எஃகுக்குள் பெரிதாக வளர்ந்துவிட்ட ஒரு படிக மணி. பெரிய மணிகளின் எல்லை வழியே கத்தி உடையும். மூன்று துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, சூடு என்றால் என்ன என்பது கைக்கே புரிந்துவிடும். என்னுடைய மூன்று துண்டுகளும் இன்னும் உலைக்கு மேலே உள்ள பலகையில் இருக்கின்றன. புதிய எஃகு வாங்கும்போதெல்லாம் அதன் உடைப்பை அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

டெம்பரிங்குக்கு வீட்டு ஓ.டி.ஜி. (சின்ன மின் ஓவன்) போதும். தோய்த்த கத்தி கைச்சூட்டுக்கு வந்ததும் அன்றே வைத்துவிடுங்கள், மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். டெம்பர் பண்ணாத கத்தி தானாகவே வெடித்ததைப் பார்த்திருக்கிறேன். 200 டிகிரியில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி இரண்டு மணி நேரம். ஓ.டி.ஜி.யின் திருகில் எழுதியிருக்கும் எண்ணை நம்பாதீர்கள், தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் உள்ளே வையுங்கள். ஒரு தட்டில் மணல் நிரப்பி அதற்குள் கத்தியைப் புதைத்தால் சூடு ஏறி இறங்காமல் சீராக இருக்கும். தேய்த்துப் பளபளப்பாக்கிய பகுதி காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்தால் காய்க் கத்திக்குச் சரி. கறிக் கத்திக்கும் அரிவாளுக்கும் இன்னும் கொஞ்சம் மேலே, பழுப்பு நிறம் தட்டும் வரை போகலாம். நீலம் வந்துவிட்டால் 300 டிகிரியை நெருங்கிவிட்டது. வாய் நிற்காது, திரும்பத் தோய்க்க வேண்டியதுதான்.

ஸ்டெயின்லெஸ் வேண்டும் என்றால்

கடையில் ஸ்டெயின்லெஸ் தகடு என்று கேட்டால் முதலில் கையில் வருவது 304. டம்ளர், தட்டு, கைப்பிடிக் குழாய் எல்லாம் அதுதான். குரோமியம் 18, நிக்கல் 8, கார்பன் மிகச் சொற்பம். எவ்வளவு காய்ச்சினாலும் கடினமாகாது. காந்தம் ஒட்டுகிறதா என்று பாருங்கள். நன்றாக ஒட்டாவிட்டால் கத்திக்கு ஆகாது. ஒட்டுகிறது என்பதாலேயே ஆகிவிடும் என்றும் இல்லை, 430 என்ற வகை ஒட்டும் ஆனால் கடினமாகாது.

கேட்க வேண்டிய பெயர்கள்: 420 குடும்பத்தில் கார்பன் அதிகம் உள்ள வகை, 440சி, கிடைத்தால் 14சி28என் அல்லது ஏ.இ.பி.எல். கடைசியில் சொன்னது சவர பிளேடுக்காக உருவான எஃகு, கார்பன் 0.67, குரோமியம் 13. மெல்லிய காய்க் கத்திக்கு எனக்கு மிகவும் பிடித்த ஸ்டெயின்லெஸ் இதுதான், ஏனென்றால் இதில் கார்பைடு மணிகள் மிகச் சிறியவை, வீட்டுச் சாணைக்கல்லிலேயே நன்றாகத் தீட்டலாம். 440சி அதைவிட நீண்ட நாள் கூர் நிற்கும், ஆனால் தீட்டுவது கடினம், மெலிதாக்கினால் வாய் சில்லு தெறிக்கும்.

இவை எல்லாம் 1,000 டிகிரிக்கு மேல் கேட்பவை, பல நிமிடம் அந்தச் சூட்டில் நிற்க வேண்டியவை. டார்ச்சில் முயற்சி செய்து கேஸை வீணாக்காதீர்கள். வடிவமாக்கி, ஓட்டைகளைப் போட்டு, வாய்ப் பக்கம் அரை மி.மீ.க்கு மேல் கனம் விட்டு, வேக்கம் ஹார்டனிங் (காற்றில்லாத உலையில் தோய்ச்சல்) செய்யும் இடத்தில் கொடுங்கள். அம்பத்தூர், கோவை, ஓசூர் போன்ற தொழிற்பேட்டைகளில் இந்த வேலை நடக்கிறது. கத்தியைக் கொடுக்கும்போது எஃகின் பெயரையும், வேண்டிய ராக்வெல் எண்ணையும் எழுதிக் கட்டுங்கள். ஒற்றைக் கத்திக்கு உலையை ஏற்ற மாட்டார்கள். நான்கு ஐந்து நண்பர்கள் சேர்ந்து ஒரே எஃகில் செய்து ஒன்றாகக் கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது.

பவர் ஹாக்சா பிளேடு

லேத் பட்டறைகளில் வேலை செய்கிறவர்கள் காலங்காலமாகக் கத்தி செய்வது தேய்ந்துபோன பவர் ஹாக்சா பிளேடில்தான். அது முழுக்க ஹைஸ்பீடு ஸ்டீலாக இருந்தால் தோய்ச்சலே தேவையில்லை, ஏற்கெனவே கடினமாக இருக்கிறது. 500 டிகிரி வரை சூடானாலும் கடினம் இறங்காது என்பதால் கிரைண்டரில் நீலம் தட்டினாலும் கெடுவதில்லை. ஆனால் ட்ரில் இறங்காது. பிடிக்கு ஆணி அடிக்க வேண்டுமானால் பிளேடில் ஏற்கெனவே உள்ள ஓட்டையைப் பயன்படுத்துங்கள், அல்லது பிடியைப் பசை போட்டு ஒட்டுங்கள். கீழே போட்டால் உடையும், நெம்பினால் உடையும். பற்களில் மட்டும் ஹைஸ்பீடு வைத்து முதுகை ஸ்பிரிங் எஃகில் செய்த பைமெட்டல் பிளேடுகளும் கலந்து கிடைக்கும். இரண்டு விரலால் வளைத்துப் பார்த்துத் தாராளமாக வளைந்தால் அதை விட்டுவிடுங்கள்.

வூட்ஸ் ஆசை

இணையத்தில் டமாஸ்கஸ் கத்தியின் அலை அலையான கோலத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் நிறைய. இப்போது விற்பது 1084-ஐயும் 2 சதவீதம் நிக்கல் கலந்த 15என்20-ஐயும் அடுக்கி ஒட்டி அடித்த கோலம். பழைய டமாஸ்கஸ் வேறு. மூசையில் (உலோகம் உருக்கும் மண்குடுவையில்) உருக்கிய ஒன்றரை சதவீதக் கார்பன் எஃகு அது, அதன் கோலம் உள்ளிருந்தே வருவது. வூட்ஸ் எனப்படும் அந்த எஃகு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உருவானது. தமிழ்நாட்டின் மேல்சிறுவளூரில் மூசை எஃகு செய்ததற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன, கொடுமணலிலும் பழைய உலைகள் கிடைத்திருக்கின்றன. வூட்ஸ் என்ற சொல்லே நம் உருக்கோடும் கன்னடத்தின் உக்கோடும் உறவுள்ளது. நம் மண்ணின் பெருமைதான், எனக்கும் அதன்மீது தீராத ஆசை உண்டு. ஆனால் அடுக்கை உலையில் ஒட்டவைப்பதற்கே தனிப் பயிற்சி வேண்டும். பத்துக் கத்திக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கடைக்குப் போகும் முன்

எவ்வளவு வாங்குவது என்பதில் குழப்பம் வேண்டாம். காய்க் கத்திக்கு 2 அல்லது 2.5 மி.மீ., எல்லா வேலைக்கும் ஆன கத்திக்கு 3 மி.மீ., அரிவாளுக்கு 5 மி.மீ. மேலே. 6 மி.மீ. பட்டையை வாங்கி 2 மி.மீ.க்கு அரைப்பது இரண்டு வார வேலை, பெல்ட் செலவு வேறு. அகலம் 40 முதல் 50 மி.மீ., நீளம் ஒரு மீட்டர். அதில் இரண்டு கத்தியும், தவறினால் மறுபடி செய்ய இன்னொன்றும், உடைத்துப் பார்க்க மூன்று துண்டும் வரும். வீட்டுக்கு வந்ததும், வெட்டும் முன்பே, பட்டையின் ஒரு முனையில் எஃகின் பெயரைப் பஞ்ச் வைத்து அடித்துவிடுங்கள். வெட்டும்போது பெயர் இல்லாத முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வாருங்கள். கடைசித் துண்டு வரைக்கும் அது என்ன எஃகு என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.